செத்த பற்றறியில் மிச்சம் இருப்பது

எங்கட வீடுகளில் பற்றறிக்கு ஒரு ஒழுங்கான வாழ்க்கை வட்டம் இருந்தது. கடையில் வாங்கினவுடன் சின்ன ரோச் லைற்றுக்குள் போகும். வெளிச்சம் மஞ்சளாகி மங்கினதும் கழற்றி ரிவி ரிமோட்டுக்குள் போடுவார்கள். ரிமோட்டை மூன்று தரம் அமத்தினால்தான் சனல் மாறுது என்ற நிலை வந்தால் அது சுவர் மணிக்கூட்டுக்குப் போகும். அங்கே இன்னும் சில மாதம் ஓடும். மணிக்கூடு பிந்தத் தொடங்கினபிறகுதான் அதைக் குப்பையில் போடுவது பற்றியே பேச்சு வரும். அப்பவும் வீட்டில் யாராவது ஒரு பெரியாள் அதை எடுத்து வெயிலில் வைத்துப் பார்ப்பார்.

இந்தப் பற்றறி எப்போது செத்தது? ரோச் லைற்றைக் கேட்டால் முதல் மாதமே செத்துப்போச்சு என்று சொல்லும். மணிக்கூட்டைக் கேட்டால் இல்லை என்று சொல்லும். பற்றறி ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் வேறு வேறு. 'செத்துப்போச்சு' என்பது பற்றறியைப் பற்றிய உண்மை இல்லை. அந்தக் கருவியின் பொறுமை அங்கே முடிந்துபோச்சு என்பதுதான் அதன் அர்த்தம். அந்த மிச்சத்தை வெளியே எடுக்கப் பார்த்த ஆக்களின் கதையைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம். அதில் பெரிய விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள், எங்கட அம்மம்மாக்களும் இருக்கிறார்கள்.

நாங்கள் இதற்குள் இறங்கியது 2022இல். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நாங்கள் புறுபுறுத்துக்கொண்டிருக்க வீட்டுப் பெரியாக்கள் சிரித்தார்கள். "பதின்மூண்டு மணித்தியாலமோ? நாங்கள் வருசக்கணக்கா இருந்தனாங்கள்." அங்கிருந்து கதை பற்றறிக்குப் போனது.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. அதோடு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையும் வந்தது. தடை செய்யப்பட்ட, கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களின் பட்டியலில் எரிபொருள், சீமெந்து, உரம் என்பவற்றோடு ரோச் பற்றறியும் இருந்தது. படைத் தேவைக்குப் பயன்படும் என்பது அரசாங்கம் சொன்ன காரணம். ஒரு பற்றறி கண்ணிவெடிக்கும் உதவும், றேடியோவுக்கும் உதவும் என்பது உண்மைதான். ஆனால் குடாநாட்டில் இருந்த லட்சக்கணக்கான சனத்தில் பெரும்பாலானோருக்கு அது றேடியோ. செய்தி. அடுத்த ஊரில் என்ன நடந்தது, இந்த இரவு இங்கே படுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில். வன்னியில் இந்தத் தடை 2002 தொடக்கத்தில் தளர்த்தப்படும்வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது.

அந்தக் காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாஸும் கேட்ட கதை எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு நினைவுக் கட்டுரையிலும் அது வருகிறது. அதே வீடுகளில் பழைய பற்றறியை வைத்துச் செய்த வேலைகளைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை. நாங்கள் கேட்ட வீடுகளில் திரும்பத் திரும்ப வந்தது நாலு சங்கதி. ஒன்று, பற்றறியை வெயிலிலோ அடுப்புக் கரையிலோ சூடாக்குவது. இரண்டு, அதில் ஆணியால் ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விடுவது. மூன்று, கொஞ்சம் கேட்டுவிட்டு றேடியோவை நிப்பாட்டி, பற்றறியை 'ஆற விடுவது'. நாலாவது, நாலு பற்றறி போடவேண்டிய றேடியோவுக்கு ஆறு, ஏழு பழைய பற்றறியைக் கொப்பித்தாளில் சுருட்டி, வரிசையாக அடுக்கி, வயரால் இணைப்பது.

இந்த நாலுக்கும் சரியான காரணம் உண்டு. அதைச் சொல்லப் பிரான்சுக்குப் போகவேண்டும்.

1866இல் ஜோர்ஜ் லெக்லாஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு மின்கலத்தை உருவாக்கினார். கண்ணாடிச் சாடிக்குள் அமோனியம் குளோரைட்டுக் கரைசல், ஒரு நாகக் கோல், மங்கனீசீரொட்சைட்டால் சூழப்பட்ட ஒரு காபன் கோல். ஓ.எல் விஞ்ஞானப் புத்தகத்தில் படம் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு குறை இருந்தது. தொடர்ந்து மின்னோட்டம் எடுத்தால் சோர்ந்துபோகும், கொஞ்ச நேரம் விட்டால் திரும்பி வரும். காபன் பக்கத்தில் தாக்கத்தின் விளைபொருட்கள் குவிந்து வழியை மறிக்கும். ஓய்வு கொடுத்தால் அவை பரவி விலகும். அதனால்தான் அந்தக் கலம் தந்திக்கும் வீட்டு அழைப்பு மணிக்கும் போனது. மணியை ஒரு நாளைக்கு எத்தனை தரம் அமத்துவார்கள்? மிச்ச நேரமெல்லாம் ஓய்வு.

1886இல் ஜேர்மனியில் கார்ல் காஸ்னர் அதே இரசாயனத்தைப் பசைபோல ஆக்கி, நாகத்தால் செய்த டப்பாவுக்குள் அடைத்து, உலர்மின்கலத்துக்குக் காப்புரிமை எடுத்தார். 1.5 வோல்ற். கறள் பிடித்த ரோச் லைற்றுக்குள் நாங்கள் பார்த்த அதே பற்றறியின் பாட்டன். சோர்வுக் குணமும் கூடவே வந்தது. அமெரிக்கர்கள் ரோச்சை இன்றைக்கும் 'ஃபிளாஷ் லைற்' என்று சொல்வது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? 1890களின் கடைசியில் வந்த முதல் ரோச்சுகளைத் தொடர்ந்து எரிய விட ஏலாது. பளிச்சென்று ஒருக்கா அடித்துப் பார்த்துவிட்டு விடவேண்டும். பற்றறியின் பலவீனம் ஒரு சொல்லாக மொழிக்குள் நின்றுவிட்டது.

ஆக, 'ஆற விடுவது' என்பது லெக்லாஞ்சேயின் கலத்துக்கு அன்றைக்கே தேவைப்பட்ட ஓய்வு. வெயிலில் வைப்பதும் மூடநம்பிக்கை இல்லை. சூட்டில் பசைக்குள் அயன்கள் வேகமாக அசையும், அகத்தடை குறையும். உள்ளே புதிதாகச் சக்தி ஒன்றும் சேராது, இருப்பது வெளியே வர வழி கொஞ்சம் அகலும். உப்புத்தண்ணி காய்ந்துபோன பசையைத் திரும்ப ஈரமாக்கும். (இதையெல்லாம் இப்ப செய்து பார்க்கவேண்டாம். இன்றைய அல்கலைன் பற்றறிக்குள் இருக்கும் காரம் கண்ணைக் கெடுக்கும். லித்தியம் பற்றறியைச் சூடாக்கினால் கண்ணோடு நிற்காது.)

நாலாவது வேலைதான் எங்களுக்கு முக்கியமானது. ஒவ்வொன்றும் 1 வோல்ற்றுக்கு இறங்கின நாலு பற்றறி சேர்ந்தால் 4 வோல்ற்தான். 6 வோல்ற் கேட்கும் றேடியோ கரகரத்து நின்றுவிடும். ஆறை அடுக்கினால் 6 வோல்ற். றேடியோ பேசும். அந்தக் கொப்பித்தாள் சுருளுக்குள் ஆக்கள் கண்டுபிடித்திருந்த உண்மை இதுதான்: பற்றறிக்குள் சக்தி இருக்கிறது, ஆனால் அழுத்தம் காணாது. அழுத்தத்தை உயர்த்தினால் மிச்சத்தை எடுக்கலாம்.

அந்த உயர்த்தலை இன்னொரு பற்றறி இல்லாமலே செய்ய முடியும். அதைத்தான் இலத்திரனியல்காரர் 'பூஸ்ற்' சுற்று என்கிறார்கள்.

எப்படி என்று விளங்கத் தண்ணிக் குழாயை நினைத்துப் பாருங்கள். வேகமாக ஓடும் தண்ணியைத் திடீரென்று பைப்பை மூடி மறித்தால் குழாய் 'டொக்' என்று அடிக்கும். ஓடிக்கொண்டிருந்த தண்ணி நிற்க மறுக்கிறது. அந்த ஒரு கணத்தில் அழுத்தம் தாங்கியில் இருந்த அழுத்தத்தைவிடப் பல மடங்கு ஏறும். சூடான காற்றுப் பலூனைப் பறக்கவிட்ட மொங்கொல்பியே சகோதரர்களில் ஒருவரான ஜோசப், 1796இல் இந்த அடியை வைத்தே ஒரு பம்பி செய்தார். எஞ்சின் இல்லை, கை இல்லை. தாழ்வாக ஓடும் தண்ணி தன்னில் ஒரு பங்கை உயரத்துக்கு ஏற்றிவிட்டு மிச்சத்தைக் கீழே விட்டுவிடும்.

கம்பிச் சுருளுக்கும் இதே பிடிவாதம் இருக்கிறது. மின்னோட்டம் ஓடத் தொடங்கினால் அதைத் திடீரென்று நிறுத்த விடாது. நிறுத்தினால் தன் முனைகளில் வோல்ற்றளவை எகிற வைத்தாவது ஓடப் பார்க்கும். பராடே 1831இல் தூண்டலைக் கண்டுபிடித்து ஐந்து வருடத்துக்குள், அயர்லாந்தின் மேனூத் குருமடத்தில் படிப்பித்த நிக்கலஸ் கலன் என்ற பாதிரியார் தூண்டற் சுருளைச் செய்துவிட்டார். சின்ன பற்றறி, இரும்பில் சுற்றிய கம்பி, மின்னோட்டத்தை விட்டு விட்டு அறுக்க ஓர் ஏற்பாடு. மறுபக்கம் ஆளைத் தூக்கியடிக்கும் வோல்ற்றளவு. குருமாணவர்களைப் பிடித்து அவர் அதிர்ச்சி கொடுத்துப் பரிசோதித்தார் என்று ஒரு கதை உண்டு.

சுருளும் அறுப்பானும் இதற்குப் போதும். மிச்ச வரலாறு முழுக்க 'யார் அறுக்கிறது' என்பதைப் பற்றியது. 1930களின் கார் றேடியோக்களில் 6 வோல்ற் பற்றறியில் இருந்து வால்வுகளுக்குத் தேவையான நூற்றுக்கணக்கான வோல்ற்றை எடுக்க, 'வைபிரேற்றர்' என்ற அதிரும் தகடு ஒன்று ரீங்காரமிட்டுக்கொண்டே அறுத்தது. பிறகு திரான்சிற்றர் வந்து சத்தமில்லாமல் அறுத்தது. முழுக்கச் சத்தமில்லாமல் என்றும் சொல்ல ஏலாது. வீட்டில் பழைய பிலிம் கமரா இருந்தால், ஃபிளாஷ் போட்டதும் 'கீஈஈ' என்று ஏறும் மெல்லிய சத்தம் ஞாபகம் இருக்கும். இரண்டு சின்ன பற்றறியின் 3 வோல்ற்றை சுமார் 300 வோல்ற்றுக்கு ஏற்றும் சுற்றின் குரல் அது. பற்றறி களைக்கக் களைக்க அந்தக் 'கீ' நீளும்.

இதெல்லாம் பெரிய வோல்ற்றளவு வேண்டும் என்பதற்காகச் செய்தது. பற்றறியை மிச்சம் பிடிப்பதற்காக இதே வித்தையைப் பயன்படுத்துவது பிறகு வந்த யோசனை. திரான்சிற்றரும் சிப்பும் குறைந்த மின்னோட்டத்தில் வேலை செய்யப் பழகின பிறகுதான் அதற்கு அர்த்தம் வந்தது. அமெரிக்காவில் லீனியர் டெக்னொலொஜி நிறுவனத்தில் ஜிம் வில்லியம்ஸ் என்றொரு பொறியியலாளர் இருந்தார். 1985இல் அவர் ஒற்றை 1.5 வோல்ற் கலத்தில் முழுச் சுற்றுகளை ஓட்டுவது பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அதே நிறுவனம் பின்னர் எல்.ரி.1073 என்ற சிப்பை விற்றது. உள்ளே வரும் வோல்ற்றளவு 1 வோல்ற்றுக்கு விழுந்தாலும் அது வேலை செய்யும், வெளியே 5 வோல்ற்றைச் சீராகத் தரும். தான் சும்மா இருக்கும்போது தின்பது 95 மைக்ரோ அம்பியர்தான்.

நாலு பற்றறி போடவேண்டிய இடத்தில் ஒன்று. அதையும் 1 வோல்ற்வரை உறிஞ்சலாம். எங்கட ஆக்கள் கொப்பித்தாளில் பற்றறி சுருட்டின அதே தசாப்தத்தில் இந்தச் சிப்பு உலகத்தில் இருந்தது என்பதை முதல்முறை வாசித்தபோது எங்களுக்கு ஒரு மாதிரி இருந்தது. இருந்தும் என்ன? பற்றறியே வராத இடத்துக்குச் சிப்பு எங்கே வரும்?

'தடையிலும் தமிழன் கண்டுபிடித்தான்' என்று பெருமைப்படும் எழுத்துகளோடு எங்களுக்கு இங்கேதான் பிரச்சினை. கெட்டித்தனம் உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் லெக்லாஞ்சே தன் கலத்தின் சோர்வைத் தன் வேலையாக எடுத்து ஆராய்ந்தார். ஒரு அம்மம்மா ஷெல் சத்தத்துக்குள் பற்றறியை அடுப்புக் கரையில் வைத்துச் சூடாக்கினது அவருக்கு வேறு வழி விடப்படாததால். இரண்டையும் ஒரே 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லில் கட்டினால் வழியை அடைத்தவர் கதையில் இருந்து மெல்ல நழுவிவிடுவார்.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். ரோச்சில் இருந்த இழை பல்ப் மங்கி மங்கி எரியும், 1 வோல்ற்றிலும் சிவப்பாகவாவது ஒரு கண் காட்டும். எல்.ஈ.டி. அப்படி இல்லை. ஜப்பானில் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா 1993இல் பிரகாசமான நீல எல்.ஈ.டி.யைக் கொண்டுவந்தார். அதை வைத்து 1996இல் வெள்ளை எல்.ஈ.டி. சந்தைக்கு வந்தது. (அக்கசாக்கி, அமானோவோடு சேர்த்து நகமுராவுக்கு 2014இல் நோபல் கிடைத்தது.) வெள்ளை எல்.ஈ.டி. எரியச் சுமார் 3 வோல்ற்றுக்கு மேல் வேண்டும். புத்தம்புது பற்றறி ஒன்றைக் கொடுத்தாலும் அசையாது. மலிவு எல்.ஈ.டி. ரோச்சுகளில் மூன்று பற்றறி போடச் சொல்வது அதனால்தான். ஒவ்வொன்றும் 1 வோல்ற்றுக்குக் கிட்ட விழுந்ததும் மூன்றையும் எறிய வேண்டியும் வரும்.

1999 நவம்பரில் பிரித்தானியாவின் 'எவ்ரிடே பிரக்ரிக்கல் இலெக்ரோனிக்ஸ்' சஞ்சிகையில் கப்பார்னிக் என்ற வாசகர் ஒருவரின் சின்னச் சுற்று வெளிவந்தது. ஒரு திரான்சிற்றர், ஒரு தடை, ஒரு வளையத்தில் இரண்டு சுற்றுக் கம்பி, ஒரு எல்.ஈ.டி. சிப்பு இல்லை. மற்றவர்கள் செத்தது என்று எறிந்த பற்றறியில் அது எல்.ஈ.டி.யை எரிய வைத்தது. சில வருடம் கழித்து கிளைவ் மிச்சல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் இதற்கு 'ஜூல் தீவ்' என்று பெயர் வைத்தார், ஜூல் திருடன். சக்தியின் அலகு ஜூல். ஆங்கிலத்தில் நகைக்கான சொல்லும் கிட்டத்தட்ட அதே ஓசை. நகைத் திருடன், சக்தித் திருடன். நல்ல பகிடி.

ஆனால் திருடன் எங்கிருந்தோ புதிதாகக் கொண்டுவருவதில்லை. இருப்பதைத்தான் எடுக்கிறான். இதை மறந்தால் ஏமாறுவோம். 2015இல் 'பற்றரைஸர்' என்ற ஒரு தகட்டுறை இணையத்தில் முன்பணம் திரட்டி விளம்பரமானது. பற்றறிமேல் கொழுவினால் உள்ளிருக்கும் பூஸ்ற் சுற்று ஆயுளை எட்டு மடங்காக்கும், பற்றறிகளின் 80 வீதச் சக்தி குப்பைக்குப் போகிறது என்றார்கள். அளந்து பார்த்த பொறியியலாளர்கள் சிரித்தார்கள். 1.2 வோல்ற்றில் நின்றுவிடும் ஒரு கருவி, சுமையைப் பொறுத்து, மூன்றில் ஒரு பங்குவரை விட்டுவிடலாம். ஆனால் இன்றைய கருவிகள் கனக்க 1 வோல்ற்றுக்குக் கிட்டவரை தாங்களே இறங்கி ஓடும். அங்கே மிச்சம் சொற்பம்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 3.2 வோல்ற்றில் 20 மில்லி அம்பியர் எடுக்கும் எல்.ஈ.டி.க்கு 64 மில்லி வாற் தேவை. சுற்றின் திறன் 80 வீதம் என்றால் பற்றறி கொடுக்க வேண்டியது 80 மில்லி வாற். பற்றறி 0.9 வோல்ற்றில் நிற்குமானால் அது கிட்டத்தட்ட 89 மில்லி அம்பியர். வோல்ற்றளவு இறங்க இறங்கச் சுற்று இன்னும் கூடக் கேட்கும். கிழண்டிப்போன பற்றறியின் அகத்தடை ஏற்கெனவே கூடிக்கிடக்கும். கூடக் கேட்கக் கூட விழும். அதனால் சீராக்கி வைத்த ரோச் கடைசிவரை ஒரே மாதிரி எரிந்துவிட்டு ஒரு கணத்தில் நூர்ந்துபோகும். எச்சரிக்கை இல்லை. பழைய ரோச்சின் மஞ்சள் வெளிச்சம் 'இன்னும் கொஞ்ச நேரம்தான்' என்று முன்கூட்டியே சொன்னது. இருட்டில் ஒழுங்கையால் நடந்துவரும் ஒருவருக்கு எது நல்லது என்பதை நாங்கள் தீர்மானிக்க ஏலாது. சுவர் மணிக்கூட்டுக்கு இதைப் போடுவதோ சுத்த வீண். அந்தச் சிப்பின் சும்மா இருக்கும் செலவே மணிக்கூட்டின் செலவுக்குக் கிட்ட வந்துவிடும்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைச் செய்து பார்க்காமல் இருக்க மனம் வரவில்லை. எரிந்துபோன சீ.எஃப்.எல். பல்ப் ஒன்றின் அடிப்பகுதியை உடைத்தால் உள்ளே மோதிரம் போல ஒரு கறுப்பு வளையம் இருக்கும். பழைய றேடியோ ஒன்றில் இருந்து சீ1815 திரான்சிற்றர். 1 கிலோ ஓம் தடை. கம்பி இரண்டையும் சேர்த்து வளையத்தில் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றினோம். எரியவில்லை. திரான்சிற்றரை மாற்றினோம், எரியவில்லை. ஒரு பின்னேரம் முழுக்கப் போனபிறகுதான், ஒரு சுருளின் தொடக்கம் மற்றச் சுருளின் முடிவோடு சேரவேண்டும் என்பது உறைத்தது. நாங்கள் இரண்டு தொடக்கத்தையும் சேர்த்திருந்தோம். மாற்றிப் பிடித்த உடனே எரிந்தது. பற்றறி, மணிக்கூடு கைவிட்ட பற்றறி.

அன்றிரவு அதை எங்களில் ஒருவரின் அம்மம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, "இதில றேடியோ கேக்கலாமோ?" என்று கேட்டா. ஏலாது, இந்தப் பற்றறி அவ்வளவுக்குத் தாங்காது, எல்.ஈ.டி.யை மட்டும்தான் மெல்லமாக எரிக்கும் என்று அகத்தடைக் கதையைச் சொல்லத் தொடங்கினோம். அவ பாதியில் மறித்தா.

"பிறகேன் சும்மா எரிய விடுறியள்? கழட்டி வையுங்கோ."